‘குளோஸ்’: ஒரு சொல், பல பொருள்

1984ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், இந்தியாவின் முதல் மெட்ரோ இரயில் கொல்கத்தாவின் எஸ்பிளனேடில் புறப்பட்டு, 3.4 கிலோமீட்டர் கடந்து பவானிபூரை அடைந்தது. இன்று நேதாஜி பவன் எனப் பெயர் பெற்றுள்ள அந்நிலையத்தில் மாலையில் வந்திறங்கும் தமிழர் ஒருவர், ‘குளோஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பல பொருள்களை ஒரே பயணத்தில் கண்டுவிடலாம். வண்டியின் கதவு மூடுவது குளோஸ். தோளோடு தோள் உரசும் நெரிசலும் குளோஸ். வெளியே வந்தால், காற்றின்றிப் புழுங்கும் வானிலையும் குளோஸ். வீடு அருகில் இருப்பது குளோஸ். அங்கே காத்திருக்கும் உயிர்த்தோழரும் குளோஸ்.

‘மூடிய’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் புகுந்து இவ்வடிவம் பெற்றது. இடைவெளியை அடைத்துவிட்டால் எஞ்சுவது நெருக்கம்தானே! பவானிபூரின் வங்காளியர் நெருங்கிய நட்பைக் குறிக்க வழங்கும் ‘கொனிஷ்டோ’ என்பதும் அடர்த்தியைக் குறிக்கும் ‘கன’ என்னும் வடசொல்லிலிருந்து பிறந்ததே. நம் ‘நெருக்கம்’ அன்பையும் சுட்டும், கூட்டத்தையும் சுட்டும். அதன் உடன்பிறப்பான ‘நெருக்கடி’யோ துன்பத்தைச் சுட்டும்.

வங்கியிலும் இச்சொல்லுக்கு இரு முகங்கள் உண்டு. கணக்கை முடித்தல் ஒன்று. நெருங்கிய உறவினர் என்பது மற்றொன்று. இரண்டாவதில்தான் வாடிக்கையாளர் கவனம் கொள்ள வேண்டும். அயல்நாட்டில் வாழும் இந்தியர் தம் என்.ஆர்.இ. கணக்கில், இங்குள்ள உறவினர் ஒருவரைக் கூட்டாகச் சேர்க்கலாம். ஆனால் உறவினர் யார் என்பதை 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் வரையறுக்கிறது. கணவன், மனைவி, பெற்றோர், மக்கள், மருமக்கள், உடன்பிறந்தார் முதலியோர் அதில் உளர். நம் வீட்டுச் சடங்குகளில் முதல் மரியாதை பெறும் தாய்மாமனுக்கு அப்பட்டியலில் தனி இடமில்லை!

வைப்புத்தொகைக்கான நியமனதாரர் (நாமினி) விஷயம் வேறு. அவர் உறவினராகவே இருக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. தாய்மாமனையும் குறிப்பிடலாம், தோழரையும் குறிப்பிடலாம். 2025 நவம்பர் 1 முதல், வைப்புக் கணக்கு ஒன்றுக்கு நால்வர் வரை நியமித்து, ஒவ்வொருவருக்கும் உரிய விழுக்காட்டையும் குறிக்க இயலும். எனினும் நியமனதாரர் தொகையைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்புடையவரே. அதன் உரிமையை முடிவு செய்வது உயிலோ வாரிசுரிமைச் சட்டமோ ஆகும். ஆகவே நியமனத்தோடு உயிலும் எழுதி வைத்தல் நலம்.

நம் உள்ளத்துக்கு நெருங்கியவர் எவர் என்பதை வங்கி தானே அறிய வழியில்லை. நாம் எழுதிக் கொடுத்த பெயரையே அது அறியும். பல ஆண்டுகளுக்கு முன் நிரப்பிய படிவத்தில் எவர் பெயர் உள்ளது? அடுத்த முறை கிளைக்குச் செல்லும்போது கேட்டறியுங்கள். கணக்கு ‘குளோஸ்’ ஆகும் நாளில், ‘குளோஸ்’ ஆனவர் அலைக்கழியாதிருக்க அவ்வொரு கேள்வி உதவும்.