வானத்தில் எழுந்த மஞ்சள் கோடு

2022ஆம் ஆண்டு, தீபாவளிக்கு முதல் நாள், அக்டோபர் 23. நள்ளிரவு தாண்டி ஏழு நிமிடம் இருக்கும். குடிபாலாவில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால், வடகிழக்கே செஞ்சுடர் ஒன்று எழும்பி மேலே போயிற்று. வாண வேடிக்கை என்று சிலர் நினைத்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தம்பி, இது நல்லதுக்கில்லை. இந்த வருஷம் பண்டிகை வேண்டாம்" என்றார்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 36 செயற்கைக்கோள்களோடு கிளம்பிய எல்விஎம்-3 ராக்கெட் அது என்றேன். ஏற்கவில்லை.

பிறகு தும்பா கதையைச் சொன்னேன். 1963 நவம்பர் 21, அந்திப்பொழுது. கேரளக் கரையிலுள்ள அந்த மீனவக் கிராமத்திலிருந்து, அமெரிக்காவின் நைக்கி-அப்பாச்சி ராக்கெட் சோடியம் ஆவியை உயரே தூவியது. மேல்காற்றின் போக்கை அறியத்தான். தரையில் இருட்டு, அத்தனை உயரத்தில் வெயில் இன்னும் இருந்தது. வெயில் பட்டதும் ஆவி மஞ்சளாக ஜொலித்தது. எங்கள் ரயில்வே யார்டு சோடியம் விளக்கின் நிறமேதான்! நாகர்கோவில்காரரான என் பழைய சகா ஒருவர் சிறுவனாக அதைப் பார்த்தாராம். அவருடைய பாட்டி பிள்ளைகளை மூன்று நாள் வெளியே விடவில்லையாம்.

"அப்புறம் ஏதாவது ஆச்சா?" என்றார் அம்மாள்.

"ஒன்றும் ஆகவில்லை அம்மா. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்தான் போயிற்று."

24ஆம் தேதி விடியுமுன் அவர் வீட்டு எண்ணெய்ச் சட்டிச் சத்தம்தான் என்னை எழுப்பியது.