அலுவலகத்துக்கு கில்ட் அணியலாமா?

ஸ்காட்லாந்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையும் தோழர்களும் கில்ட் என்ற, முழங்கால்வரை வரும் பாவாடை போன்ற கம்பளி உடை அணிந்து நிற்பதைப் பார்க்கலாம். பட்டமளிப்பு விழாவிலும் ராணுவ அணிவகுப்பிலும் அதுவே மரியாதைக்குரிய உடை. 2000-ஆம் ஆண்டு எடின்பரோவின் ஹோலிரூட் அரண்மனையில் நடிகர் ஷான் கானரி எலிசபெத் அரசியிடம் 'சர்' பட்டம் பெற்றபோதும் கில்ட்தான் அணிந்திருந்தார். அரசியின் முன் நிற்பதற்குப் பொருத்தமான உடை, திங்கட்கிழமை காலையில் வங்கிக்கோ வழக்கறிஞர் அலுவலகத்துக்கோ மட்டும் ஏன் பொருந்தாமல் போக வேண்டும்? ஸ்காட்லாந்து ஆண்களில் பெரும்பாலோர் அதை விசேஷ நாளுக்கென்று ஒதுக்கிவிட்டு பேன்ட் அணிந்தே வேலைக்குப் போகிறார்கள். அது அவரவர் விருப்பம். ஆனால், ஒருவர் கில்ட்டில் வேலைக்கு வர விரும்பினால் அதைத் தடுப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

முறையான உடை என்று எதைச் சொல்கிறோம்? அளவெடுத்துத் தைத்திருக்க வேண்டும்; நேரத்துக்கும் இடத்துக்கும் ஏற்ற விதிகள் அதற்கு இருக்க வேண்டும்; அணிபவர் அவற்றை மதித்து அணிய வேண்டும். இந்த மூன்றிலும் கில்ட், கோட்டு சூட்டுக்கு இளைத்ததல்ல. முழுமையான ஒரு கில்ட்டுக்குச் சுமார் 8 கஜம், அதாவது 7 மீட்டருக்கு மேல் கம்பளித் துணி பிடிக்கும். முன்பக்கம் தட்டையாக விழும். பக்கவாட்டிலிருந்து பின்பக்கம் முழுவதும் கொசுவம் வைத்துத் தைப்பார்கள். அத்தனை கொசுவம் மடித்த பிறகும் டார்டன் எனப்படும் வண்ணக் கட்டங்கள் கலையாமல், துணி மடிக்கப்படவே இல்லை என்பதுபோல் தொடரவைப்பது தேர்ந்த தையற்காரரின் கைத்திறன். விளிம்பு முழங்காலின் நடுவில் நிற்க வேண்டும். உடன் அணிபவை பொழுதுக்கேற்ப மாறும். பகலில் ட்வீட் கோட்டு, டை, அலங்காரமில்லாத தோல் ஸ்போரன். ஸ்போரன் என்பது இடுப்பிலிருந்து முன்னால் தொங்கும் பை. மாலை விருந்துக்கு வெள்ளிப் பொத்தான் வைத்த கறுப்பு 'பிரின்ஸ் சார்லி' கோட்டு, போ டை, ரோமம் போர்த்திய ஸ்போரன். கல்யாணங்களுக்கு வாடகைக்கு எடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைத்தான். புகைப்படங்களில் நாம் பார்ப்பதும் அதையே. கில்ட் என்றாலே கொண்டாட்டம் என்ற எண்ணம் இதனால்தான் வேரூன்றியது. அலுவலகத்துக்கு உரியது பகல்நேர வகை; அது எந்த சூட்டுக்கும் குறையாத அடக்கமான உடை.

கில்ட் தொன்மையான உடையே அல்ல, பின்னால் ஜோடித்த மரபு என்பது படித்தவர்கள் எழுப்பும் ஆட்சேபம். வரலாற்றாசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் 1983-ல் வெளியான கட்டுரையில், இன்றைய குட்டை கில்ட்டை 18-ஆம் நூற்றாண்டில் உருவாக்கியவர் தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேய இரும்பாலை முதலாளி என்று வாதிட்டார். அதை மறுப்பவர்களும் உண்டு. குடும்பத்துக்கு ஒரு டார்டன் என்ற ஏற்பாடு பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் பரவியது என்பது உண்மை. 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது எழுத்தாளர் வால்டர் ஸ்காட் நடத்திய டார்டன் கோலாகலம் அதற்குப் பெரிய உந்துதலாக அமைந்தது. இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்டாலும் என் வாதம் தளரவில்லை. இன்று அலுவலக உடையாக நாம் ஏற்கும் சூட்டும் 19-ஆம் நூற்றாண்டில் உருவாகி, 20-ஆம் நூற்றாண்டில்தான் வேலையிடங்களில் நிலைபெற்றது. வயதை அளவுகோலாக்கினால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. மேலும் கில்ட்டுக்கு ஒரு வலி மிகுந்த வரலாறு இருக்கிறது. 1746-ல் கல்லோடன் போரில் ஸ்காட்லாந்தின் மலைநாட்டுப் படைகள் அரசப் படையிடம் தோற்றதும், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவர்களுடைய உடையையே தடைசெய்தது. முதல்முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுமுறை என்றால் ஏழாண்டு நாடுகடத்தல். அரசின் படையில் சேர்ந்த வீரர்களுக்கு மட்டும் விலக்கு. 1782-ல்தான் அந்தத் தடை நீங்கியது. சட்டம் போட்டு ஒழிக்கப் பார்த்த உடையை இன்று வெறும் வேடம் என்று ஒதுக்குவது எனக்கு வருத்தம் தருகிறது.

நடைமுறை ஆட்சேபங்களையும் பார்ப்போம். சுழலும் இயந்திரத்தின் அருகிலும் ஏணியின் மீதும் கில்ட் ஆகாது. அங்கே கோட்டும் டையும்கூட ஆகாது. காலுறையில் செருகும் சிறு கத்திக்கு, தேசிய உடையின் அங்கம் என்ற முறையில், பிரிட்டனில் சட்டம் விலக்கு அளிக்கிறது என்றாலும், அலுவலகத்துக்கு அது தேவையே இல்லை, வீட்டிலேயே வைத்துவிடலாம். வாடிக்கையாளரின் கவனம் சிதறும் என்பது இன்னொரு வாதம். பழக்கமில்லாத எந்த உடையும் முதல் சில நாள்கள் கண்ணை இழுக்கும். பழகிய பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வேற்றினத்தாரை இது அந்நியப்படுத்தும் என்ற அச்சத்துக்கு ஹம்சா யூசஃபே பதில். பாகிஸ்தானிய வழிவந்த அவர், 2016-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் ஷெர்வானியும் கில்ட்டும் அணிந்து உருதுவில் உறுதிமொழி எடுத்தார். பிறகு முதல் அமைச்சரும் ஆனார்.

இதே கேள்வி நம் ஊரிலும் எழுந்ததுண்டு. 2014-ல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குச் சென்னை கிளப் ஒன்றில் அனுமதி மறுக்கப்பட்டது. அதே ஆண்டு தமிழக சட்டமன்றம் அத்தகைய தடைகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. ஸ்காட்லாந்தில் சட்டம் வரை போக வேண்டியதில்லை. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் தேசியப் பூர்வீகத்தின் பேரில் பாகுபாடு காட்டுவதை ஏற்கெனவே தடுக்கிறது. ஆனால் வேலையிடத்தில் கில்ட் அணியும் உரிமை அதில் நேரடியாக எழுதப்படவில்லை. ஆகவே அங்குள்ள நிறுவனங்கள் தங்கள் உடை விதியில், சூட் அல்லது பகல்நேர முறைப்படி அணிந்த கில்ட் என்று ஒரே ஒரு வரியைச் சேர்க்கட்டும்.