பேக்கப் 'ஓகே'ன்னு மெயில் வருதா? ஆர்சிங்க் உண்மையில் என்ன சொன்னது?

இரவு 2 மணிக்கு சர்வரில் பேக்கப் ஓடுகிறது. காலையில் "எல்லாம் ஓகே" என்று மெயில் வந்து நிற்கிறது. அந்த 'ஓகே'வைச் சொன்னது யார்? பேக்கப் எடுத்த ஆர்சிங்க் அல்ல. அது எழுதிய வரிகளைப் படித்த இன்னொரு ஸ்கிரிப்ட். அது தப்பாகப் படித்திருந்தால், ஃபைல் அவசரமாகத் தேவைப்படும் நாளில்தான் தெரியவரும்.

ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் ஆகிய இருவரும் 1996-ல் ஆஸ்திரேலியாவில் உருவாக்கியது ஆர்சிங்க். இரண்டு இடங்களில் உள்ள ஃபைல்களை ஒப்பிட்டு, மாறியதை மட்டும் அனுப்பும். பைத்தானில் இதற்கென லைப்ரரி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஆர்சிங்க்கை இயக்கி, அது சொல்வதை வரிவரியாகப் பிரிக்கிறார்கள். சிக்கல் அங்கேதான். அந்த வரிகள் மனிதக் கண்ணுக்காக எழுதப்பட்டவை.

அந்த 11 எழுத்துகள்

'ஐட்டமைஸ் சேஞ்சஸ்' என்ற ஆப்ஷனைக் கொடுத்தால், மாறிய ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு வரி வரும். வரியின் தொடக்கத்தில் 11 எழுத்துகள். முதல் எழுத்து '>' என்றால் ஃபைல் இங்கே வருகிறது. '<' என்றால் இங்கிருந்து போகிறது. இரண்டாவது, அது ஃபைலா, ஃபோல்டரா என்று சொல்லும். மீதி 9 இடங்களில் அளவு, நேரம், அனுமதி என எது மாறியது என்ற விவரம். புள்ளி இருந்தால் மாற்றமில்லை. ஒன்பதும் '+' என்றால் புது ஃபைல்.

பழைய 2.6 பதிப்பில் இது 9 எழுத்துதான், 3.0-ல்தான் 11 ஆனது. மேக் கணினிகளில் 2.6.9 பல வருடம் அப்படியே இருந்தது. "முதல் 12 எழுத்தை வெட்டு" என்று எழுதிய நிரல், அங்கே ஃபைல் பெயரின் தலையையும் சேர்த்து வெட்டிவிடும். 3.1-லிருந்து எண்களில் கமா வேறு. 1,234,567 என்பதை அப்படியே எண்ணாக மாற்றச் சொன்னால் பைத்தான் மறுத்துவிடும்.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்குத் தனி கூத்து. கிரானில் ஓடும்போது மொழி அமைப்பு பெரும்பாலும் இருக்காது. 'க' என்ற ஒரே எழுத்து \#340\#256\#225 என்று வரும். ஃபைல் பத்திரமாகத்தான் இருக்கும். பெயரைத் தேடும் ஸ்கிரிப்ட்தான் "காணோம்" என்று சொல்லும். '8 பிட் அவுட்புட்' ஆப்ஷன் கொடுத்தால் சரியாகிவிடும்.

தோல்வியை எப்படிக் கண்டுபிடிப்பது?

"எரர்" என்ற சொல்லைத் தேடுவதுதான் பலரின் குறுக்குவழி. ஒரு ஃபைலின் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தால்? அதைவிட, முடியும்போது ஆர்சிங்க் தரும் எக்ஸிட் கோடைப் பார்ப்பதே சரி. 0 என்றால் பிழையில்லாமல் முடிந்தது. 23 என்றால் சில ஃபைல்கள் போகவில்லை. 24 என்றால் நகலெடுக்கும் நேரத்தில் சில ஃபைல்கள் காணாமல் போயின. ஓயாமல் இயங்கும் மெயில் சர்வரில் இது சகஜம்.

ஆனால் 0 மட்டும் போதாது. மூல ஹார்ட் டிஸ்க் அன்றிரவு மவுன்ட் ஆகவில்லை என்று வையுங்கள். ஆர்சிங்க்கின் கண்ணுக்கு அது வெறும் காலி ஃபோல்டர். 'டெலீட்' ஆப்ஷனும் இருந்தால், பேக்கப்பில் உள்ளதையெல்லாம் துடைத்துவிட்டு 0 சொல்லும். அதனால் முதலில் 'டிரை ரன்' போட்டு, '*டெலீட்டிங்' எனத் தொடங்கும் வரிகளை நிரல் எண்ண வேண்டும். வழக்கமாகப் பத்து இருபது இருக்கும் இடத்தில் பத்தாயிரம் வந்தால், அங்கேயே நிறுத்தி ஒரு ஆளை எழுப்ப வேண்டும்.