துப்பாக்கி இல்லாத காவல்

பயங்கரவாதத்தை ஒடுக்கும் சர்வதேச உத்தியோகம் என்றதும் உங்கள் மனக்கண் முன் யார் வந்து நிற்கிறார்? கறுப்புக் கண்ணாடியும் கைத்துப்பாக்கியுமாக ஒரு துப்பறியும் சிங்கம்தானே? அவரைச் சற்றே ஒதுங்கி நிற்கச் சொல்லுங்கள்!

ஐக்கிய நாடுகள் சபையில் பயங்கரவாத எதிர்ப்புக்கென்றே 2017-ல் ஓர் அலுவலகம் ஏற்பட்டது. தலைமையிடம் நியூயார்க். அங்கே இளநிலை உத்தியோகஸ்தராகச் சேர்பவருக்கு ஆயுதம் பேனாதான். பட்டதாரிகள், பெரும்பாலும் 32 வயதுக்கு மேற்படாதவர்கள். இவர்களுக்கான செலவை ஏதாவதொரு நாட்டு அரசாங்கம் ஏற்கும். 1961-லிருந்து ஐ.நா.வில் நடந்துவரும் ஏற்பாடு இது.

அறிக்கை தயாரிப்பது, கூட்டக் குறிப்பு எழுதுவது, பயிற்சி வகுப்புக்கு ஏற்பாடு செய்வது – இவைதாம் வேலை. “பூ, இவ்வளவுதானா?” என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். 2006-ல் பொதுச் சபை ஏற்ற திட்டத்துக்குத் தூண்கள் நான்கு. அவற்றில் ஒன்று மனித உரிமையும் சட்டத்தின் ஆட்சியும். குற்றவாளியைத் தேடும் அவசரத்தில் நிரபராதியின் வீட்டுக் கதவை உடைத்தால், அந்த வீட்டிலேயே பகை முளைக்காதா? ‘சந்தேகம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘குற்றம்’ என்று எழுதாதிருப்பதும் ஒரு காவல்தான்.

2018 முதல் ஆகஸ்டு 21-ஆம் தேதி, பயங்கரவாதத்துக்குப் பலியானோரின் நினைவு நாள். பறிகொடுத்தவர்கள் தங்கள் துயரத்தை உலகத்துக்குச் சொல்லும் நாள்.

உங்கள் மகள் இந்த வேலைக்குப் போகிறேன் என்றால், “உனக்குத் தைரியம் உண்டா?” என்று கேட்காதீர்கள். “பிறர் துக்கத்தைப் பொறுமையாகக் கேட்பாயா, அம்மா?” என்று கேளுங்கள். “கேட்பேன்” என்றால், ஆசீர்வதித்து அனுப்புங்கள்!