ஈயத்தை எங்கே கட்டுவது?

எங்க ஊர் புதுக்கோட்டை. மாவட்டத் தலைநகர் இல்லை, தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போற சாலையில் வரும் புதுக்கோட்டை. போன வாரம் வீட்டில் தச்சுவேலை முடிந்து ஒரு மீட்டர் ரீப்பர் துண்டு ஒன்று மிஞ்சியது. ஒரு நுனியையொட்டி ஓட்டை போட்டு ஆணியில் தொங்கவிட்டேன். லேசாக ஆட்டி கைபேசியில் நேரம் பார்த்தால் பத்து ஆட்டத்துக்கு 16.4 விநாடி.

ஒரு மீட்டர் நூலில் குண்டு கட்டியிருந்தால் 20 விநாடி வந்திருக்கும். நீளம் ஒன்றுதான். ஆனால் நூலில் எடை முழுக்க அடியில் இருக்கிறது, கட்டையில் நெடுக விரவிக் கிடக்கிறது.

அடுத்து, வலைக்குக் கட்டுகிற ஈயத்தைத் தட்டித் தகடாக்கி, கட்டையின் எடைக்குச் சமமாக எடுத்துச் சுற்றினேன். அடி நுனியில் சுற்றினால் 18.8 விநாடி. சரி, ஈயம் சேர்த்தால் மெதுவாகும் என்று நினைத்து மேலே நகர்த்தினேன். ஆணியிலிருந்து 26 செ.மீ. தூரத்தில் 14.6! வெறும் கட்டையை விட வேகம். 67 செ.மீ.க்குக் கொண்டுபோனால் மறுபடி அதே 16.4. ஈயம் இருப்பதே கட்டைக்குத் தெரியவில்லை.

காரணம் இதுதான். ஈயம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, கட்டையை நடுவுக்கு இழுக்கிறது. இது ஆணியிலிருந்து உள்ள தூரத்துக்கு ஏற்பக் கூடும். இன்னொன்று, அசைய மறுக்கிறது; அதுதான் நிலைமத் திருப்புத்திறன், இது தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். கிட்டத்தில் இழுப்பு ஜெயிக்கும், எட்டத்தில் மறுப்பு ஜெயிக்கும். 67 செ.மீ. எப்படி வந்தது? அந்த நீளத்துத் தனி ஊசலின் அலைவு நேரமும் கட்டையின் அலைவு நேரமும் ஒன்று. ஒரே தாளத்தில் ஆடுகிற இரண்டு பேரைச் சேர்த்துக் கட்டினால் தாளம் மாறாது. அந்த இடத்தில் ஒரு கிலோ கட்டினாலும் இதே கதைதான். ‘ஊசலுக்கு நிறை முக்கியமில்லை’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அது பாதிதான். எவ்வளவு நிறை என்பதை விட எங்கே இருக்கிறது என்பதே கேள்வி.

சென்னையில் லாம்ப்டனின் நில அளவையில் வேலை பார்த்த ஹென்றி கேட்டர் இதை அழகாகப் பயன்படுத்தினார். கம்பியில் இரண்டு கத்திமுனைகள், நகர்த்தக்கூடிய எடைகள். நேராகவும் தலைகீழாகவும் தொங்கவிட்டு, இரண்டு நேரமும் ஒன்றாகும்வரை எடையை நகர்த்தினால் போதும். கத்திமுனைகளுக்கு இடையிலான தூரமே அதற்குச் சமமான தனி ஊசலின் நீளம். நிறை எப்படி விரவியிருக்கிறது என்று கணக்குப் போடவே வேண்டாம். 1818இல் வெளியிட்டார்.

இதை மாமாவிடம் சொன்னேன். பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குத் தோணி ஓட்டிய தண்டல் அவர். கேட்டுவிட்டுச் சிரித்தார். “மருமவனே, தோணி சட்சட்டுன்னு ஆடுனா வயித்தக் கலக்கும், அவ்வளவுதான். ஒரு பக்கம் சாஞ்சு, நின்னு நிதானிச்சுத் திரும்புச்சுன்னாதான் ஈரக்கொல நடுங்கும்.”

தோணியும் ஊசல்தான், தொங்குவது ஆணியில் இல்லை, தண்ணீரில். சரக்கை மேல்தட்டில் அடுக்க அடுக்க எடைமையம் உயரும், நிமிர்த்துகிற திருப்புவிசை குறையும். அது நாலில் ஒரு பங்கானால் ஆட்ட நேரம் இரண்டு மடங்காகும். பயணிக்குத் தொட்டில் மாதிரி சுகமாக இருக்கும், ஆனால் கவிழ்வதற்குப் பக்கத்தில் இருக்கிறோம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சரக்கை உயரம் மாற்றாமல் நடுவிலிருந்து இரண்டு ஓரங்களுக்கும் நகர்த்தினாலும் ஆட்டம் மெதுவாகும், திருப்புத்திறன் கூடுவதால். நிமிர்த்தும் விசை அப்படியே இருக்கும், இதில் ஆபத்து இல்லை. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். “அப்ப எப்படி மாமா கண்டுபிடிப்பீங்க?” என்றேன்.

“ஏத்துறப்பவே பக்கத்துல நிப்பேன். எது எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும்லா. அதே தோணி, அதே மாதிரி சரக்கு, போன நடைய விட மெதுவா ஆடுதுன்னா, மேல உள்ளத எறக்கி அடியில போடச் சொல்லுவேன். முதலாளி ஏசுவாரு. ஏசட்டும்.”