சேற்றுப்புண்: நோயை வளர்க்கும் களிம்பு

புது தில்லி: கால் விரலிடுக்குகளில் அரிப்பு, தோல் வெளுத்து உரிதல், வெடிப்பு ஆகியவை சேற்றுப்புண்ணின் அறிகுறிகள். ‘டிரைக்கோபைட்டான்’ வகைப் பூஞ்சைகளே பெரும்பாலும் இதற்குக் காரணம். ஈரத்தில் நின்று உழைப்போரையும், நாள் முழுவதும் மூடிய காலணி அணிவோரையும் இது அதிகம் வாட்டுகிறது.

பூஞ்சைக்கொல்லிக் களிம்பைச் சில வாரங்கள் தொடர்ந்து பூசி, விரலிடுக்குகளை உலர்வாக வைத்திருந்தால் பெரும்பாலும் குணமாகும். ஆனால், மருத்துவரை நாடாமல் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கிப் பூசுவோர் ஏராளம். ஸ்டீராய்டு அரிப்பை உடனே அடக்கும். கூடவே தோலின் எதிர்ப்பாற்றலையும் குறைக்கும். நோய் தணிந்ததுபோல் தோன்ற, பூஞ்சையோ பரவும்.

விளைவு காலோடு நிற்கவில்லை. உடலில் படையை உண்டாக்கும், டெர்பினாஃபைன் மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத பூஞ்சை இந்தியாவில் பரவியுள்ளது. 2020-இல் அதற்கு ‘டிரைக்கோபைட்டான் இண்டோடினியே’ எனப் பெயரிடப்பட்டது. இத்தகைய களிம்புகளின் தவறான பயன்பாடும் இதற்கொரு காரணம் எனத் தோல் மருத்துவர்கள் கருதுகின்றனர்.

மத்திய அரசு 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவை என அறிவித்தது. செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளுக்குத் தடை விதித்தது; அவற்றில் களிம்புகளும் அடங்கும். எனினும், கடைகளுக்கு உரிமம் வழங்கிச் சோதனையிடுவது மாநிலங்களின் பொறுப்பு. அவை விழிக்காதவரை, அரசிதழ் அறிவிக்கை நோயாளியை எட்டாது.