கரிசற் சீமையில் வீட்டுக்கொல்லைத் தோட்டம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் வீட்டுக்கொல்லையில் செடி கொடி வைப்போருக்கு மண்ணைப் பற்றிய கவலையைக் காட்டிலும் குடத்தைப் பற்றிய கவலையே பெரிது. இங்கு வருஷத்திற்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்வதுண்டாயினும், அதிற் பாதியளவு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்திலேயே பெய்து தீர்ந்துவிடுகிறது. மாசிக்குப்பின் கொல்லைக்கு ஊற்றும் ஜலம் பல வீடுகளில் குடிக்கவும் புழங்கவும் சுமந்து வந்ததினின்று பங்கிட்டதேயாகும்.

ஆகையால் எதை வைப்பது என்பதைவிட, கோடையில் எதைக் கைவிடுவது என்பதை முன்னதாகவே தீர்மானித்துக் கொள்ளுதல் அவசியம். தென்னையின்மீது ஆசை பலருக்குண்டு. வளர்ந்த தென்னை ஒன்று கோடையில் நாளொன்றுக்கு 50 லிட்டர் வரையிற் கேட்கும். 15 லிட்டர்க் குடத்தால் அது மூன்று குடத்திற்கு மேலாகிறது. அதைச் சுமப்பவர் யார் என்பதை வீட்டுக்காரர் முதலில் வீட்டிலுள்ள பெண்டிரிடம் கேட்டறிதல் நலம். சீத்தாமரமோ கோடையில் இலையுதிர்த்து ஒடுங்கி நின்று, மழை கண்டபின் தழைக்கும். அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையத்தினின்று ஏ.பி.கே. 1 என்னும் சீத்தா ரகமும் வெளிவந்துள்ளது. முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை ஆகியவற்றுள் எலுமிச்சைக்கே ஜலம் அதிகம் வேண்டும். உப்பு ஜலத்தையும் அது பொறுக்காது.

இத்தோட்டத்தின் இன்பமெல்லாம் மார்கழியில்தான். ஆடியில் ஊன்றிய பந்தல் அவரை, பகற்பொழுது சுருங்கிய பின்னரே பூக்கும் இயல்புடையது. எவ்வளவு ஜலம் ஊற்றினும் முந்திக் காய்க்காது. மார்கழி, தை மாதங்களில் அவரையும் பூசணியும் பீர்க்கும் ஒருசேரக் காய்த்து, அண்டை வீடுகளுக்குக் கொடுத்தும் மிஞ்சும். மிஞ்சிய கொத்தவரையையும் சுண்டையையும் வற்றலாக்கி வைக்கும் இவ்வட்டாரத்து வழக்கம் மிகவும் போற்றத்தக்கது. பங்குனியில் காய்கறிக் கொடிகளை மனமுவந்து காயவிட இயல்வது வற்றற்பானை நிறைந்திருக்கும் வீட்டில்தான்.

கரிசல் மண் காய்ந்தால் வெடிக்கும். அவ்வெடிப்புகள் வேரை அறுப்பதுடன் அடியிலுள்ள ஈரத்தையும் வெளியேற்றிவிடும். மேல்மண்ணை இலேசாகக் கொத்தி வெடிப்பை மூடி, சோளத்தட்டையோ சருகோ பரப்புதல் வேண்டும். கரையானுக்கு இடமின்றி, அடிமரத்தினின்று ஒரு சாண் விலக்கிப் பரப்புக. மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, சுற்றிலும் மணலிட்டு, நான்கு விதை ஊன்றி, பானையில் ஜலம் நிரப்பி ஓட்டால் மூடினால், ஜலம் வேருக்கே கசியும். உப்பு ஜலமாயின் பானையின் கண்கள் நாளடைவில் அடைபடும்; அப்பொழுது வேறு பானை மாற்றவேண்டும். கண்மாய் வண்டலை அனுமதி பெற்று எடுப்போர் அதைச் செம்மண் கொல்லைக்கு இடுவதே தகும். கரிசலுக்கு வேண்டியது மணலும் மக்கிய தொழுவுரமும்.

வேலிக்குச் சீமைக்கருவேல முள்ளை வெட்டி அடைப்பதில் குற்றமில்லை. அதையே உயிர்வேலியாக வளரவிட்டால், ஆட்டைத் தடுக்கும் அதே வேலி கொல்லையின் ஈரத்தைக் குடித்துவிடும். கிளுவைப் போத்து நடுதல் மேல்.

50 சதுர மீட்டர் கூரையின்மீது 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 லிட்டர் ஜலம் சேரும். தாழ்வாரத்தின் ஓரமாக ஒரு வாய்க்கால் கீறி அதைச் சீத்தாவின் பாத்திக்குத் திருப்புவதற்கு ஒரு மண்வெட்டியும் ஒரு பிற்பகலும் போதும். புரட்டாசி முடிவதற்குள் அதைச் செய்துவிடவேண்டும்.